விதை வரட்டும், வாசல் வழியாக வரட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஊட்டி மலர்க் கண்காட்சியும் குன்னூர் பழக் கண்காட்சியும் முடிந்து கூட்டம் மலையிறங்கியதும் எனக்கு இரண்டு விதமான கேள்விகள் வர ஆரம்பிக்கும். முதலாவது: "டீச்சர், லண்டனில் இருக்கிற அண்ணன் ஒரு பூ விதை அனுப்பியிருக்கிறார், மூன்று வாரமாகிறது, முளைக்கவே இல்லை, என்ன செய்ய?" இரண்டாவது: "டீச்சர், டொராண்டோவில் இருக்கிற மகள் நம்மூர் அவரை விதை, கத்தரி விதை கேட்கிறாள். துணிப் பார்சலுக்குள் மடித்து வைத்து அனுப்பலாமா?" முதல் கேள்விக்கு ஒரு மணி நேரம் பேசுவேன். உயிரியல் எடுத்த வாய், சும்மா இருக்காது. இரண்டாவது கேள்விக்கு நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. "இவ்வளவு பூவை நேசிக்கிற டீச்சரா இப்படிச் சொல்றீங்க" என்று ஒருவர் வருத்தப்பட்டார். அதனால் இரண்டையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். வெளிநாட்டு விதை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. உறைக்குள் ஒளித்து வருவது வேண்டாம் என்கிறேன். வீட்டுத் தோட்டக்காரர் ஒருவர் பத்து விதையை முறையாக வரவழைக்க எளிய வழி ஒன்றை அரசாங்கம் திறந்துவிட வேண்டும் என்றும் சொல்கிறேன். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

"வெளிநாட்டுச் செடியே கூடாது" என்று பேசுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், மேரக்காய், மரத்தக்காளி, தாட்பூட் பழம், பேரி, பிளம்ஸ் எதுவும் இலையில் வைக்க முடியாது. எல்லாம் வந்தவை. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். 1820களில் இங்கேயே வீடு கட்டிக்கொண்டு, சீமைக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். மேரக்காயின் தாய்நாடு மெக்சிகோ பக்கம். மரத்தக்காளி ஆண்டிஸ் மலைக்காரி. கடைசியில் கையில் வைத்திருக்கும் டீயும் போய்விடும், சுடுதண்ணீர்தான் மிஞ்சும். இந்த மலையின் சோற்றையும் சம்பளத்தையும் வந்த விதைகள்தான் போடுகின்றன. நன்றி கெட்டுப் பேசக் கூடாது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? கற்பூர மரம் 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சீகை மரமும் அதே காலத்தை ஒட்டி அதே திசையிலிருந்து வந்தது. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆகும் என்று கொண்டுவந்தார்கள். இன்று புல்வெளிகளையும் சோலைகளின் ஓரங்களையும் சீகை மூடிக் கிடப்பதை அவலாஞ்சிப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உன்னிச்செடி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. இப்போது மசினகுடி போகும் வழியெல்லாம் அதுதான். முதுமலையில் மஞ்சள் கொன்றையின் கதையும் அதே. பூ அழகாக இருக்கிறதென்று நட்டது. இப்போது யானைக்குத் தீனி முளைக்க விடாமல் நிழல் கட்டி நிற்கிறது. வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கோர்ஸ் முள்ளையும் ஸ்காட்ச் புரூமையும் வேலிக்கும் மஞ்சள் பூவுக்கும் ஆசைப்பட்டு வைத்தார்கள். கோர்ஸ் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு படுத்திருக்கும். செடியைப் பிடுங்கினாலும் விதை போகாது.

இவர்களில் யாரும் கெடுதல் செய்ய வேண்டும் என்று நினைத்துக் கொண்டுவரவில்லை. நம்மைப் போலவே செடி ஆசை பிடித்தவர்கள்தான். எனக்குப் பயமே அதில்தான்.

அழகுச் செடியை விடப் பெரிய பாடம் நம் உருளைக்கிழங்கு வயலில் இருக்கிறது. 1961-இல் ஊட்டியில் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் உருளைக்கிழங்கு வேரில் ஒரு நூற்புழுவைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் அதுதான் முதல் முறை. பெண் புழு செத்ததும் அதன் உடலே தோல் கெட்டித்து ஒரு முட்டைக்கூடு ஆகிவிடும். கடுகை விடச் சிறியது. உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் பொருளின் வாசனை பட்டால்தான் அவை விழிக்கும். அதுவரை இருபது வருடமானாலும் மண்ணுக்குள் காத்திருக்கும். ஒரு விதத்தில் இதுவும் முளைக்க மறுத்துக் கிடக்கும் விதை மாதிரிதான், நமக்கு எதிரான விதை.

அதன் பூர்வீகம் ஆண்டிஸ் மலை. உருளைக்கிழங்கோடு ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து விதைக்கிழங்கோடு உலகமெல்லாம் சுற்றியது. எந்த மூட்டையில் நம் மலைக்கு வந்தது என்று யாரும் சுட்டிக்காட்ட முடியாது. விளைவை மட்டும் எல்லோரும் அனுபவித்தார்கள். விளைச்சல் விழுந்தது. இங்கே விளைந்த விதைக்கிழங்கை வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தடை வந்தது. முத்தோரை ஆராய்ச்சி நிலையத்தில் வருடக்கணக்கில் உழைத்து, இந்தப் புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற ரகங்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. மருந்து, மாற்றுப்பயிர், நிலத்தை ஆறப்போடுவது என்று ஒவ்வொரு சிறு விவசாயியும் கைக்காசைப் போட்டிருக்கிறார். என் வகுப்பில் உட்கார்ந்த படகர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு "நூற்புழு" என்ற சொல் பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரியும். அப்பா வாயிலிருந்து கேட்டிருப்பார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் புழு பூ விதைக்குள் ஏறி வருவதில்லை. மண்ணில் வருகிறது, மண் ஒட்டிய கிழங்கில் வருகிறது. அதனால் உலர்ந்த, சுத்தமான விதை ஒன்றைக் கண்டு நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். டேலியாக் கிழங்கு, கிளாடியோலஸ் குமிழ், வேரோடு பிடுங்கி ஈரத் துணியில் சுற்றிய நாற்று இவற்றை யாராவது பெட்டிக்குள் வைத்துக்கொண்டு விமானம் ஏறினால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் நம்மவர்கள் பயப்படுவது தலைகீழாக இருக்கிறது. "விதைதானே டீச்சர் தப்பு, கிழங்கு பரவாயில்லையா?" என்று கேட்கிறார்கள்.

அதற்காக விதை முழுக்கச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. 2014, 2015 வாக்கில் இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் தக்காளியில் ஒரு புதிய வைரஸ் தலைகாட்டியது. பழத்தில் பழுப்புச் சுருக்கம் விழும். அது விதையின் தோலில் ஒட்டிக்கொண்டே சில ஆண்டுகளுக்குள் கண்டம் கண்டமாகப் பரவிவிட்டது. பார்த்தால் விதையில் ஒன்றும் தெரியாது. நம் வீட்டுப் பின்கட்டில் நாலு தக்காளிச் செடி வாடினால் பெரிய நஷ்டமில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் அரை ஏக்கர் போட்டிருப்பவர் கதி?

2020 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? கேட்காமலேயே சீனாவிலிருந்து விதைப் பொட்டலங்கள் தபாலில் வருகின்றன என்று அமெரிக்கா, பிரிட்டன் எல்லாம் அலறின. நம் மத்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை விட்டது. அப்போது "ஐயோ, மர்ம விதை" என்று அந்தச் செய்தியை நமக்கு ஃபார்வர்டு செய்தவர்களிலேயே சிலர், அண்ணன் அனுப்பிய உறையைப் பிரித்து விதை போட்டுக்கொண்டிருந்தார்கள். தெரிந்தவர் அனுப்பினால் விதைக்கு நோய் வராது என்று யார் சொன்னது?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003-ஆம் ஆண்டின் தாவர இறக்குமதி ஆணைப்படி, விதைக்க என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் எதற்கும் இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, நம் நாட்டின் இறக்குமதி அனுமதி. மற்றொன்று, அனுப்பும் நாடு தரும் பயிர்நலச் சான்று. தபாலில் வந்தாலும் கைப்பெட்டியில் வந்தாலும் இதே விதிதான். மண் கொண்டுவருவதற்கு அனுமதியே கிடையாது. சென்னையில் மீனம்பாக்கத்தில் இதற்கென்று பிளான்ட் குவாரண்டைன் நிலையம் இருக்கிறது.

இங்கேதான் அரசாங்கத்தோடு எனக்குச் சண்டை. இந்த விதிகள் டன் கணக்கில் விதை இறக்கும் கம்பெனிக்காக எழுதியவை. பத்து ப்ரிமுலா விதை வேண்டும் என்கிற ஒரு குன்னூர்ப் பாட்டி எந்த அலுவலகத்தில் போய் நிற்பாள்? அனுப்புகிறவர் ஒரு விதைப் பொட்டலத்துக்குச் சான்று வாங்கச் செலவழிக்கும் பணத்தில் இங்கே ஒரு நர்சரியே வைக்கலாம். வழியைக் குறுகலாக வைத்தால் ஜனங்கள் வேலி தாண்டத்தான் செய்வார்கள். வேலி தாண்டி வருவதை யாரும் சோதிப்பதும் இல்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். அவர்கள் செடி விஷயத்தில் நம்மை விடக் கறாரானவர்கள். ஆனாலும் சிறு விதைப் பொட்டலங்களுக்கென்று ஒரு தனி அனுமதி வைத்திருக்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் ஒரே வகை, ஐம்பது விதைக்கு மேல் கூடாது. ஒரு பார்சலில் ஐம்பது பொட்டலத்துக்கு மேல் கூடாது. ஒவ்வொன்றின் மேலும் தாவரவியல் பெயர் இருக்க வேண்டும். மண், பூச்சி, சதை ஒட்டியிருக்கக் கூடாது. தடைப்பட்டியலில் உள்ள வகைகள் கூடாது. இவ்வளவு இருந்தால் அனுப்பும் நாட்டின் சான்று தேவையில்லை, அனுமதிக்குக் கட்டணமும் இல்லை. பார்சல் நேரே அரசின் சோதனை நிலையத்துக்குப் போய், பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். நம் நாட்டில் இதே மாதிரி ஒன்றைச் செய்ய என்ன தடை? தபால் மீனம்பாக்கம் போகட்டும், பார்க்கட்டும், சந்தேகம் என்றால் எரிக்கட்டும். ஒரு மாதம் தாமதமானாலும் தோட்டக்காரன் காத்திருப்பான். காத்திருக்கத் தெரியாதவன் தோட்டம் வைக்க மாட்டான்.

வெளியே அனுப்புவதற்கும் இதே நியாயம்தான். மகள் இருக்கும் நாட்டின் விதியை மகள் முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில், நியூசிலாந்தில் நம் மஞ்சள் பொட்டலத்தைக் கூடப் பிரித்துப் பார்ப்பார்கள். விதை என்றால் கேட்கவே வேண்டாம். அங்கே பிடுங்கிப் போடுகிறார்கள் என்று கோபித்துக்கொள்ளும் நாம், சீகைக்கு முன்னால் அப்படி யாராவது இங்கே நின்றிருந்தால் இந்த மலை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கலாம். டொராண்டோவிலும் லண்டனிலும் தமிழ்க் கடைகளில் கீரை விதையும் கத்தரி விதையும் முறையாகவே கிடைக்கின்றன. "அம்மா கொடுத்த விதை" என்பதற்கு உள்ள மதிப்பு அதற்கு இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன்.

விதை நாடு கடந்த கதைகளில் எனக்கு மறக்க முடியாதது சின்கோனா. நடுவட்டம் போகிறவர்கள் பழைய கொய்னாத் தோட்டத்தின் மிச்சங்களைப் பார்த்திருப்பீர்கள். 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவுக்குப் போய்ச் சேகரித்த நாற்றுகள், இங்கிலாந்து சுற்றிச் செங்கடல் வெக்கையில் வதங்கி, இங்கே வந்து செத்துப்போயின. ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரிலிருந்து அனுப்பிய சிவப்புப்பட்டை வகைதான் பிழைத்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்கைவர் அதை வளர்த்துப் பெருக்கினார். ஆனால் அந்த வகையில் கொய்னா குறைவு. கொய்னா மிகுந்த விதையைப் பொலிவியக் காட்டில் தேடிச் சேகரித்தவர் மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர். அவருடைய முதலாளி சார்லஸ் லெட்ஜர் அதை 1865-இல் லண்டனுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் அரசு வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு விதை வாங்கி ஜாவாவில் போட்டார்கள். அந்த ஒரு பவுண்டின் வாரிசுகள்தான் பின்னாளில் உலகத்தின் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கைக் கொடுத்தன.

மமானிக்கு என்ன ஆயிற்று தெரியுமா? மறுபடி விதை சேகரிக்கப் போனபோது பிடிபட்டார். சிறையில் அடித்தார்கள். அந்த அடியிலேயே இறந்தார். மரத்துக்கு லெட்ஜர் பெயரை வைத்தார்கள். கொய்னா கோடிக்கணக்கான உயிரைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் விதையைக் கேட்காமல் எடுப்பதை "பகிர்வு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இன்றைக்கும் நம் சோலைக்குள் புகுந்து ஆர்க்கிட் காயையும் காட்டு லில்லி விதையையும் பறித்து வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்குக் கொடுக்கிறவர்கள் உண்டு. அதற்கு பல்லுயிர்ச் சட்டம் 2002 இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது சரியில்லை.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். முளைக்காத விதை.

இந்த விஷயத்தில் என் குரு ஒரு வேதியியல்காரர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நார்மன் டீனோ. ஓய்வுக்குப் பிறகு மனிதர் சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கான செடி வகைகளின் விதையை, ஈரமான காகிதத் துண்டில் மடித்து, பாலிதீன் பைக்குள் போட்டு, வெதுவெதுப்பில் மூன்று மாதம், குளிரில் மூன்று மாதம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கிடைத்ததை 1991-இல் சொந்தக் காசில் புத்தகமாகப் போட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லோரும் வெட்கப்பட வேண்டிய உழைப்பு (என்னையும் சேர்த்து). அவர் சொன்னதன் சாரம் எளிது. செடியை விட்டு விழுந்த உடனே முளைத்தால் விதை செத்துவிடும் என்பதால், ஏறக்குறைய ஒவ்வொரு செடியும் தன் விதைக்கு ஒரு பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறது. எந்தப் பூட்டு என்று தெரிந்தால் சாவி தெரிந்துவிடும்.

ஆனால் நம் மலையில் முதலில் பார்க்க வேண்டியது பூட்டை அல்ல, குளிரை. கத்தரி, மிளகாய், பாகல், புடலை விதையைக் கோயம்புத்தூரிலிருந்து வாங்கிவந்து ஜனவரியில் குன்னூரில் போட்டுவிட்டு "கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்கிறார்கள். அந்த விதைக்கு இருபத்தைந்து, முப்பது டிகிரி மண் வெப்பம் வேண்டும். நம் தொட்டி மண்ணில் பதினைந்து இருந்தால் பெரிய விஷயம். விதை ஈரத்தைக் குடித்துவிட்டுக் குளிரில் அழுகிவிடும். ஈரத் துணியில் முடிந்து, டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கம் சூடு வரும் இடத்திலோ அடுப்படி மேடையிலோ வையுங்கள். முனை வெடித்ததும் எடுத்து நடுங்கள். நெல் முளைகட்டும் அதே வித்தைதான், புதிதாக ஒன்றும் இல்லை.

தோல் கெட்டியான விதைகளுக்குத் தண்ணீர் உள்ளே போவதுதான் பிரச்சினை. கல்வாழை, லூபின், சீகை இவையெல்லாம் அந்தச் சாதி. நகவெட்டியால் ஓரத்தில் ஒரு சிறு கீறல் போதும், முளை இருக்கும் பக்கத்தைத் தொடாமல். அல்லது கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஆறும்வரை விடுங்கள். மறுநாள் உப்பியிருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். காட்டுத்தீ வந்துபோன இடத்தில் சீகை பாய் விரித்த மாதிரி முளைப்பதன் ரகசியமும் இதுதான். தீ அதற்குச் சாவி.

குளிர்நாட்டு விதைகளுக்கு நேர்மாறு. பீச், பிளம்ஸ், ஆப்பிள், பல ப்ரிமுலாக்கள் எல்லாம் ஒரு பனிக்காலம் கடந்ததாக நம்பினால்தான் கண் திறக்கும். ஊட்டியில் மார்கழி, தை உறைபனி அந்த வேலையில் கொஞ்சம் செய்யும். குன்னூரில் அது போதாது. பீச் கொட்டையை மெதுவாக உடைத்து, பருப்பை நசுக்காமல் எடுத்து, ஈர மணலில் கலந்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். மேல் அறையில் வைக்காதீர்கள், அங்கே உறைந்துவிடும். டப்பாவின் மேல் பெயரும் தேதியும் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் வீட்டில் யாராவது ஊறுகாய் என்று திறப்பார்கள்.

தூசி மாதிரி விதைகள் இருக்கின்றனவே, பிகோனியா, கால்சியோலேரியா, ரோடோடெண்ட்ரான், அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். மண்ணால் மூடினீர்களானால் முடிந்தது. ஈரப் பாசி மேல் தூவி, கண்ணாடி மூடி, தண்ணீரைக் கீழிருந்து ஏற விடுங்கள். மேலே மெல்லிசாக மணல் தூவினால் மூடுபனிக் காலத்தில் வரும் நாற்றழுகல் கொஞ்சம் மட்டுப்படும் என்று சிலர் செய்வார்கள். அது பெரிய விதைக்குச் சரி, தூசி விதைக்கு வேண்டாம். சதைக்குள் இருக்கும் விதைகளைப் பிசைந்து கழுவுங்கள். தக்காளி, மரத்தக்காளி, தாட்பூட் எல்லாவற்றிலும் அந்த வழவழப்பே முளைப்பைத் தடுக்கும்.

தென் ஆப்பிரிக்கப் புதர்க்காட்டு விதைகள் சிலவற்றுக்குச் சாவி புகை. 1990-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் புகை பட்டால் விதை முளைப்பதைக் கண்டுபிடித்தார்கள். இதைக் கேட்டதும் ஒருவர், "எங்கள் பாட்டி அடுப்புக்கு மேல் பரணில் விதை வைத்தது இதற்குத்தானா?" என்றார். இல்லை. அது பூச்சி அண்டாமல், ஈரம் ஏறாமல் இருக்க. பாட்டிமாருக்குத் தெரிந்ததே ஏராளம், தெரியாததையும் அவர்கள் தலையில் ஏற்ற வேண்டாம். ஜிப்பரெல்லிக் அமிலம் என்று ஒரு பொடியைப் பற்றியும் கேட்கிறீர்கள். ஜப்பானில் நெற்பயிரைத் தாறுமாறாக உயர வளரவைத்த ஒரு பூஞ்சையில் கண்டெடுத்தது அது. சில விதைகளுக்கு அற்புதமாக வேலை செய்யும். அளவு கூடினால் நாற்று நூல் மாதிரி நீண்டு சாயும். மற்ற எல்லா வழியும் பார்த்த பிறகு அதற்குப் போகலாம்.

கடைசி வகைக்குச் சாவியே கிடையாது, நேரம்தான். தேயிலை, பலா, ஜாதிக்காய், பர்லியாறில் விற்கும் மங்குஸ்தான் இவற்றின் விதை காய்ந்தால் செத்தது. உலர்த்தி உறையில் போட்டு வைக்க முடியாது. ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலை விதையை அனுப்பியபோது இதே சிக்கல். உலர்ந்து போனவை வழியிலேயே செத்தன. பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணோடு கலந்து போட்டார், கப்பலிலேயே முளைத்துக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தன. (அந்த மண்ணோடு இன்னும் என்னென்ன வந்ததோ.) எஸ்டேட்டில் விதையிலிருந்து நாற்றுப் போட்ட காலத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் கொட்டி, மூழ்குவதை எடு, மிதப்பதைத் தள்ளு என்பார்கள். இப்போது எல்லாம் வெட்டுத்துண்டு நாற்றுதான்.

நம் சோலை மரங்களில் பலவும் இந்த அவசரக்கார வகை. இது சேகரிக்கிறவர்கள் கவனத்துக்கு. விக்கிப் பழக் கொட்டை மட்டும் எதிர்ப்பக்கம், கல் மாதிரி, மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். சிம்ஸ் பூங்காவில் நிற்கும் ருத்ராட்ச மரமும் அதன் உறவுதான். இப்போது கோத்தகிரி கீஸ்டோன் போன்ற அமைப்புகள் சோலை மரங்களுக்கு நர்சரி வைத்து நாற்று வளர்க்கின்றன. வெளிநாட்டு ப்ரிமுலா ஒன்று முளைத்தால் படம் எடுத்துப் போடுகிறோம். ஒரு விக்கி முளைத்த படத்தை யாராவது போட்டு நான் பார்த்ததில்லை. அதற்குத்தான் அதிக லைக் விழ வேண்டும்.

இன்னொரு ஆதங்கம். படகர் ஹட்டிகளில் வீட்டோரத்தில் வளர்ந்த அவரை வகைகள், சாமை, கீரை இவற்றின் விதையைச் சாம்பலில் புரட்டி வைத்திருந்த அம்மாக்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் நாலு முழ இடத்தில் வளர்க்கும் கறிகாய்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டி அவரைக்கும் பூசணிக்கும் விதை எடுக்கும் முறையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்தக் காயை விட வேண்டும், கொடியில் எத்தனை நாள் காய வேண்டும் எல்லாம் விரல்நுனியில். இந்த விதைக்கு அனுமதியும் வேண்டாம், மீனம்பாக்கமும் வேண்டாம். பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் 2001, விவசாயி தன் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உரிமை என்றே எழுதி வைத்திருக்கிறது. பத்தாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் உறைக்குக் காத்திருக்கும் நாம், மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹட்டிக்குப் போய்க் கேட்பதில்லை.

எனவே தோட்டக்கலைத் துறைக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, சிறு விதைப் பொட்டலத்துக்குத் தனி அனுமதி கேட்டு மாநிலத்திலிருந்து மத்திய வேளாண் அமைச்சகத்துக்கு எழுதுங்கள். நீலகிரிக்கு அதைக் கேட்கும் தகுதி உண்டு, நூற்புழுவுக்கு விலை கொடுத்த மாவட்டம் இது. இரண்டு, அடுத்த மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழத்தால் மயில் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். விதை மாற்று மேசை. உள்ளூர் விதை மட்டும், பெயரும் ஊரும் எடுத்த மாதமும் எழுதிய பொட்டலம், காசு கிடையாது. கொஞ்சம் தெரிந்த ஆள் ஒருவர் உட்கார்ந்து, சந்தேகமானதைத் தள்ளட்டும். உட்கார ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், மதியச் சாப்பாடு மட்டும் கொடுத்தால் போதும்.

அதுவரை என்னிடம் இப்போது இருப்பவை: மரத்தக்காளி (சிவப்பு), தாட்பூட், இரண்டு வகை அவரை, குள்ளச் சாமந்தி. தெரிந்தவர்கள் வீட்டுக்கு வாருங்கள், ஆளுக்குப் பத்து விதை. போன முறை வாங்கிப் போனவர்கள் முளைத்ததா இல்லையா என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்க வேண்டும். டேலியாக் கிழங்கு கேட்காதீர்கள், தர மாட்டேன்.